ஒன்பது நாள், ஒரே குன்று

முதல் நாள்

ஒன்பது நாள் விடுப்பு. எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "மலைக்கு" என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய் இல்லை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா. அதன் பின்பக்கம் மரங்கள் அடர்ந்த குன்று ஒன்று. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 150 மீட்டர் உயர வித்தியாசம். ஏறி, வளைந்து, மறுபுறம் இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் மண்பாதையின் நீளம் 4.8 கிலோமீட்டர். இத்தனை ஆண்டுகளில் முன்பக்கத்துப் பெஞ்சுகளைத் தாண்டி நான் போனதே இல்லை. ஒருவன் காலடி படாத நிலத்துக்குப் போவதுதானே பயணம்? ஆகவே இதுவும் பயணக் கட்டுரைதான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. போன மாதம் தொலைபேசியில் பேசிக்கொண்டே மூன்றாவது மாடிக்குப் படியேறினேன். இரண்டாவது மாடியில், மறுமுனையில் இருந்தவர் "ஓடிக்கொண்டிருக்கிறீர்களா? பிறகு அழைக்கட்டுமா?" என்று அக்கறையோடு கேட்டார். நான் ஓடவில்லை. அந்த அக்கறைதான் சுருக்கென்று குத்தியது.

கிளம்புவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி ஒன்று உண்டு. 3 மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதன்மேல் 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 4.8 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய அந்த 3 மைல்தான். 150 மீட்டர் ஏற்றம் 500 அடிக்குச் சற்றுக் குறைவு, கால் மணி நேரம். ஆக, இடையில் நிற்காமல் நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவரின் நடையைத் தோற்கடிக்க முடியாதா என்ற எண்ணத்தோடு ஓடத் தொடங்கினேன்.

நான்கு நிமிடம் ஓடினேன். நான்கே நிமிடம். முதல் வளைவிலேயே மூச்சு இரைத்து, ஒரு ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரத்தின் அழகை ரசிப்பவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன், யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று. அதன் பிறகு நடை, கொஞ்சம் ஓட்டம், நிறைய நடை. ஒருவழியாக உச்சி வந்தது. அங்கிருந்து பார்த்தால், உதிர்ந்த இலைகளால் பாதை சிவப்பும் மஞ்சளுமாகக் கீழே இறங்கிப் போகிறது, வா வா என்று கூப்பிடுகிறது. இறங்கினேன் என்று சொல்லக் கூடாது, கொட்டினேன். பள்ளிக்கூடம் விட்ட பையனைப்போல, கால் போன போக்கில் தடதடவென்று. மூச்சு வாங்கவே இல்லை. இந்த ஓட்டக்காரர்கள் இறக்கத்தைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை, இது இலவசமாயிற்றே என்று வழியெல்லாம் வியந்தேன்.

ஒரு மணி நான்கு நிமிடம். நெய்ஸ்மித்தைப் பதினொரு நிமிடத்தில் வென்ற களிப்போடு தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள்

தொடையில் லேசான இறுக்கம். உழைத்த உடம்பின் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன். இன்று ஓட்டமில்லை, நடை மட்டும்.

காலையில் 7 டிகிரி. நேற்று பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போனது தவறு என்று நேற்றே தெரிந்துவிட்டது. ஏறும்போது வியர்வையைக் குடித்துக்கொண்டது. உச்சியில் நின்ற இரண்டு நிமிடத்தில் அந்த ஈரமெல்லாம் முதுகில் பனியாகிவிட்டது. இன்று வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் காற்றுக்கு ஒரு மேலாடை. வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அதுதான் சரியான உடை. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால், முதல் ஏற்றத்தில் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டிவரும்.

கைக்கடிகாரம் இன்று என்னை ஏமாற்றப் பார்த்தது. சும்மா நடக்கும்போது இதயத் துடிப்பு 171 என்றது, பிறகு 88 என்றது. குளிரில் தோலடி இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால், மணிக்கட்டில் ஒளியைப் பாய்ச்சித் துடிப்பை எண்ணும் கருவிகள் தடுமாறும். பேச்சை வைத்து அளப்பது இதைவிட நம்பகமானது. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் மிதமான உழைப்பு. ஓரிரு சொற்களுக்கு மேல் வராவிட்டால் கடும் உழைப்பு. ஆளில்லாத பாதையில் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் திக்கியது. மூச்சினாலா, கணக்கினாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இறங்கி வரும்போது ஒரு சொல் நினைவுக்கு வந்தது: கூதிர். இலையுதிர் காலம் என்பது நாம் பிற்பாடு சேர்த்துக்கொண்ட பெயர். பழைய ஆறு பருவங்களில் இதற்கு நெருக்கமாக இருப்பது கூதிர்காலம். சங்கக் கவிதையில் மலையும் மலைசார்ந்த இடமுமான குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதுகளில் ஒன்று அது. மலைக்குக் கூதிர் என்று பொருத்தியவர்களுக்குக் குளிரில் குன்றேறுவதன் சுகம் தெரிந்திருக்க வேண்டும். சிறுபொழுதாக யாமத்தை வைத்தார்கள். நள்ளிரவில் அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. எனக்குக் காலை போதும்.

மூன்றாம் நாள்

படுக்கையிலிருந்து எழ முடிந்தது. மாடிப்படி இறங்க முடியவில்லை.

இதை மிகைப்படுத்தவில்லை. முதல் படியில் கால் வைத்ததும் தொடையின் முன்பக்கம் "வேண்டாம்" என்றது. பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரு கையாலும் பற்றிக்கொண்டு, நண்டைப்போல இறங்கினேன். ஏறுவதற்கு இவ்வளவு சிரமமில்லை என்பதுதான் விசித்திரம். நான் அஞ்சியது ஏற்றத்தை, உடம்பை உடைத்தது இறக்கம்.

பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்தேன். ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது. ஒவ்வொரு அடியிலும் உடம்பு கீழே சரியாதபடி பிடித்து நிறுத்துவது அதன் வேலை. கயிறு இழுக்கும் போட்டியில் தோற்றுக்கொண்டே கயிற்றை விடாமல் பிடித்திருப்பவனின் நிலை. இப்படி இழுபட்டுக்கொண்டே தாங்குவதில் தசை நார்களுக்குள் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்ய உடம்பு கிளப்பும் அழற்சிதான் இந்த வலி. உடனே வராது, 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு, தானாக இறங்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று நானும் சொல்லித் திரிந்திருக்கிறேன். அந்த அமிலம் ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. முதல் நாள் வெளியேறிய ஒன்றின் மீது மூன்றாம் நாள் பழி போடுவது நியாயமில்லை.

இலவசம் என்று நினைத்தேனே அந்த இறக்கம், அது கடன். வட்டியோடு வந்து நிற்கிறது.

ஆனால் படித்ததில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, அடுத்த முறை அதே வேலைக்கு இவ்வளவு வலிப்பதில்லை. ஒரே ஒரு முறை பட்டதே சில வாரங்களுக்குக் காப்பாகிறது. இதை நம்புவதா என்று இந்தக் குன்றிலேயே சோதித்துப் பார்க்கலாம். இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

நான்காம் நாள்

இன்றைய நாள் முழுக்க ஓர் அம்மாவுக்குச் சொந்தம்.

எழுபது வயதாவது இருக்கும். இரு கையிலும் நடைக்கோல்கள். நான் முதல் ஏற்றத்தில் ஓடியும் நின்றும் போய்க்கொண்டிருக்க, அவர் பின்னால் ஒரே சீராக நடந்து வந்தார். நான் ஓடும்போது தூரமாவார், நான் நிற்கும்போது நெருங்குவார். மூன்றாவது முறை நான் நின்றபோது கடந்தே போய்விட்டார். உச்சியில் தண்ணீர் குடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, ஏற்றத்தில் ஏன் ஓடுகிறீர்கள்?"

"ஓடத்தானே வந்தேன், அம்மா."

"மலையில் ஓடுகிறவர்களே செங்குத்தில் நடக்கத்தான் செய்வார்கள். நடப்பது தோல்வி என்று யார் சொன்னது?"

அவர் சொன்னதற்கு ஆய்வுச் சான்றே இருக்கிறது. 2002இல் ஆல்பர்ட்டோ மினெட்டி என்ற இத்தாலிய ஆய்வாளரின் குழு, மலை ஓட்டக்காரர்களைச் சாய்வான டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு, உடம்பு செலவழிக்கும் ஆற்றலை அளந்தது. சமதளத்தில் ஓட்டத்துக்கும் நடைக்கும் செலவில் பெரிய இடைவெளி இருக்கிறது. ஏற்றம் செங்குத்தாக ஆக அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. இறக்கத்தில் நடப்பதற்குச் செலவு மிகக் குறைவது 10 சதவீதச் சரிவில். ஓடுவதற்கு 20 சதவீதச் சரிவில். அதைவிடச் செங்குத்தானால் செலவு மீண்டும் கூடுகிறது. பிடித்து நிறுத்துவதற்கும் உடம்பு ஆற்றலைக் கொட்டுகிறது என்று பொருள். என் தொடைகளுக்கு இந்தச் செய்தி முன்பே தெரியும்.

இறங்கும்போது அந்த அம்மா என்னை முன்னால் போகச் சொன்னார். எட்டு அடி வைத்திருப்பேன், கூப்பிட்டு நிறுத்தினார்.

"பின்னால் சாய்ந்துகொண்டு, காலை நீட்டி வைத்து, குதிகாலால் பிரேக் போடுகிறீர்கள். ஒவ்வொரு அடியும் தொடையில் இடிக்கிறது. சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பாதம் உங்களுக்கு முன்னால் விழக் கூடாது, உங்களுக்குக் கீழே விழ வேண்டும். முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். கைகளை ஏன் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்? கோழி இறக்கையை விரிப்பதைப் போல விரியுங்கள். யாரும் பார்க்கவில்லை."

விரித்தேன். சமநிலை உடனே வந்தது. மானம் கொஞ்சம் போனது. பார்வை எங்கே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்: பாதத்தில் வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னால். இப்போது வைக்கும் அடியை மாற்றுவதற்கு இனி நேரமில்லை. நான்கு அடி தள்ளி இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

பாதி வழியில் மேலே வந்துகொண்டிருந்த இருவருக்கு ஒதுங்கி வழிவிட்டார். ஏறுகிறவருக்கு முதல் உரிமை என்பது குறுகிய பாதைகளில் பரவலான வழக்கம். அவர்களுடைய மூச்சின் தாளம் கலைந்தால் மறுபடி பிடிப்பது கடினம். முதல் நாள் நான் தடதடவென்று கொட்டியபோது எத்தனை பேர் புதருக்குள் ஒதுங்கினார்களோ என்று இப்போது கூச்சமாக இருக்கிறது.

பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அவரும் என் பெயரைக் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள்

இரவு முழுக்க மழை. காலையில் விட்டிருந்தது. போக வேண்டுமா என்று கால் மணி நேரம் என்னோடு நானே வாதாடித் தோற்றுக் கிளம்பினேன்.

மழை பெய்த காட்டின் வாசனைக்கே போகலாம். மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அந்த வாசனையில் பெரும்பங்கு. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். வறண்ட மண்ணில் மழை விழும்போது எழும் மணத்துக்கு 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். மண்வாசனை என்று நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது; அதுவே எனக்குப் போதும்.

மூக்கு மகிழ்ந்துகொண்டிருந்தபோது கால் வழுக்கியது. ஈர இலைகள் பாதையை ஒரே கம்பளமாக மூடியிருந்தன. இலைக்கு மேல் இலை ஒட்டாமல் சறுக்கும் என்பது ஒரு கேடு. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது என்பது பெரிய கேடு. எனக்கு வாய்த்தது ஒரு வேர். இடது பாதம் உள்பக்கமாகப் புரண்டு, நான் வலது பக்கம் சாய்ந்து, உட்கார்ந்த நிலையில் இரண்டு மீட்டர் பயணம் செய்தேன். என் காலணியின் அடிப்பாகம் சாலைக்கானது, வழவழப்பு. மண்பாதைக் காலணிகளில் 4 முதல் 6 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பற்கள் இருப்பது அலங்காரத்துக்காக இல்லை என்று உட்கார்ந்தபடியே ஒப்புக்கொண்டேன்.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் லேசாக இழுபட்டிருக்கின்றன. ஊன்ற முடிகிறது, வீக்கம் அதிகமில்லை. நொண்டியபடி வீட்டுக்கு வந்தேன். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகினால் கணுக்கால் தன் நிலையைத் தானே உணரக் கற்றுக்கொள்ளும் என்பார்கள். வலது காலில் நின்று பார்த்தேன். பற்பசை கண்ணாடியெங்கும் ஆனது.

ஆறாம் நாள்

நடை மட்டும், அதுவும் மெதுவாக. கணுக்காலில் பட்டை சுற்றியிருக்கிறேன். ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். நெய்ஸ்மித் என்னைக் கைவிட்டுப் போயிருப்பார்.

மெதுவாகப் போனதால் முதல்முறையாக மரங்களைப் பார்த்தேன், மூச்சு வாங்குவதற்கான சாக்காக இல்லாமல். இலைகள் எல்லாம் ஒரே கதையால் நிறம் மாறுகின்றன என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பகல் குறையக் குறைய மரம் இலையிலிருக்கும் பச்சையத்தைச் சிதைத்து, அதிலுள்ள சத்துகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் தெரியும் மஞ்சளும் ஆரஞ்சும் புதியவை அல்ல. கரோட்டினாய்டுகள் என்ற அந்த நிறமிகள் கோடை முழுக்க அங்கேயே இருந்தவை, பச்சையின் கீழ் மறைந்திருந்தவை. சிவப்பின் கதை வேறு. மேப்பிள் இலையைச் சிவக்க வைக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான் புதிதாக உண்டாகிறது. வெயிலடிக்கும் பகலும், உறையும் நிலைக்குப் போகாத குளிர் இரவும் வாய்த்தால் சிவப்பு கொழிக்கும். உதிரப் போகும் இலையில் எதற்காக இந்தச் செலவு என்பதற்கு ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை. ஓக் மட்டும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிஞ்சிய பழுப்போடு, திருமண வீட்டில் அழுக்குச் சட்டையோடு வந்த மாமாவைப் போல நிற்கிறது.

இலை உதிர்வதும் தற்செயல் அல்ல. காம்பின் அடியில் மரமே ஒரு பிரிவுப் படலத்தை வளர்த்துக்கொள்கிறது. அது முற்றியதும் மெல்லிய காற்றே போதும். நேற்று என்னை வீழ்த்திய கம்பளம் மாதக்கணக்கில் திட்டமிட்டு நெய்யப்பட்டது. மனம் கொஞ்சம் ஆறியது.

ஏழாம் நாள்

ஓய்வு. காலணியைக் கழுவினேன். இலைக் குவியலில் உட்கார்ந்த புண்ணியத்தால் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு, அக்குள் எங்கும் உண்ணி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இலையுதிர் காலத்திலும் அவை சும்மா இருப்பதில்லை. ஒன்றுமில்லை.

எட்டாம் நாள்

பகலில் வேறு வேலை வந்துவிட்டது. மாலையில்தான் போக முடிந்தது, பாதி வழியிலேயே இருட்டிவிட்டது. முதல் நாள் இதே நேரத்துக்கு வெளிச்சம் இருந்ததே என்று யோசித்தால், இந்தப் பகுதியில் இப்போது நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் பகல் குறைகிறது. எட்டு நாளில் இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை, பையில் மட்டும் பணம் குறைந்திருக்கிறது என்பதுபோல.

நெற்றி விளக்கு வைத்திருந்தேன். அதைப் போட்டதும் பாதை தட்டையாகிவிட்டது. கல்லும் குழியும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடந்தன. கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே ஒளி போவதால் நிழல்கள் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. விளக்கைக் கழற்றி இடுப்புயரத்தில் பிடித்தேன். ஒவ்வொரு வேருக்கும் ஒரு நிழல் நீண்டது, பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. தாழ்ந்த வெளிச்சத்தில் நடந்து இறங்கினேன். ஓரிடத்தில் இரண்டு பச்சைக் கண்கள் பாதையோரம் மின்னின. நான் நின்றேன், அதுவும் நின்றது. பூனையாக இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்; வேறு எதுவாகவும் இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஒன்பதாம் நாள்

கணுக்கால் சம்மதித்தது. காலை 5 டிகிரி, வானம் தெளிவு, மண் காய்ந்திருக்கிறது.

ஏற்றத்துக்கு இன்று ஒரு விளையாட்டு. அந்தப் பிர்ச் மரம் வரை ஓட்டம், இந்தப் பாறை வரை நடை, வளைவு வரை ஓட்டம், மூச்சு திரும்பும் வரை நடை. ஸ்வீடனின் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் 1930களில் உருவாக்கிய முறை இது. இதன் பெயர் ஃபார்ட்லெக்; ஸ்வீடிஷ் மொழியில் வேக விளையாட்டு என்று பொருள். கடிகாரம் வேண்டாம், மரங்கள் போதும். செங்குத்தான கடைசிப் பகுதியில் கைகளை முழங்காலின் மேல் ஊன்றி நடந்தேன், எந்தக் கூச்சமும் இல்லாமல். வாய்ப்பாடு பதினாறு வரை தடங்கலின்றி வந்தது.

உச்சியில் காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். மேலே இருக்கும் கடைசித் துளையில் ஒரு சிறு வளையம் போட்டு, கயிற்றை அதற்குள் குறுக்காக விட்டு இறுக்கினால் குதிகால் நகராது. முதல் நாள் இதைச் செய்யாததால் இறக்கம் முழுக்க கட்டைவிரல் காலணியின் முன்புறம் இடித்து, நகம் இப்போது நாவல்பழ நிறத்தில் இருக்கிறது.

பிறகு இறங்கினேன். சின்ன அடிகள். கோழி இறக்கைகள். பார்வை நான்கு மீட்டர் முன்னால். தடதடப்பு இல்லை, படபடவென்று மெல்லிய சத்தம்தான் வந்தது, வேறு யாரோ ஓடுவதைப் போல. பாதி இறக்கத்தில் நடைக்கோல்கள் இரண்டு ஏறி வருவது தெரிந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். அந்த அம்மா கடந்து போகும்போது என் கால்களைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "இப்போது சத்தம் குறைந்திருக்கிறது" என்றார். மேலே போய்க்கொண்டே இருந்தார்.

ஒரு மணி ஒரு நிமிடம். முதல் நாளைவிட மூன்றே நிமிடம் குறைவு. பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் சோதனையின் முடிவு கடிகாரத்தில் இல்லை, இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

பின்குறிப்பு, பதினொன்றாம் நாள்

விடுப்பு முடிந்து இரண்டு நாள் ஆகிறது. காலையில் அலுவலகத்துக்குத் தாமதம். மூன்று மாடியையும் படியில் இறங்கி, தெருவுக்கு வந்து, பாதித் தெரு தாண்டிய பிறகுதான் கைப்பிடியைப் பிடித்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.